பத்தொன்பது இஞ்ச் அகங்காரம்

மரக்காணத்தில் உப்பளங்களின் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னையிலிருந்து கார்கள் வந்து நிற்கும். குனிந்து நிற்கும் கார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. ரிம்மின் கம்பிகளுக்குப் பின்னால் சிவப்பிலும் மஞ்சளிலும் பிரேக் காலிபர்கள் தெரியும். இறங்கியதும் முதல் வேலை, உப்புக் குவியலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்பது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரமாக வேலை செய்துகொண்டிருக்கிறவர்கள் படத்தில் வந்துவிடக் கூடாது என்று காரைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். நானும் நகர்த்தியிருக்கிறேன்.

ஆக, இது வெளியிலிருந்து எறியும் கல் அல்ல. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளில் சம்பளம் வாங்குகிறவன். நான்கு வருடம் படித்த படிப்பை எங்காவது உபயோகித்தாக வேண்டும் என்ற அரிப்பில் இரண்டு கதவு வைத்த பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினேன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் பேச்சு அந்த பிராண்டைப் பற்றியதாகிவிடும். வாங்கிய ஆறு மாதத்தில் அதன் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றையும் மாற்றினேன். மூன்றையும் தப்பாக மாற்றினேன். தப்பு என்று தெரிந்த இடம் மரக்காணம்.

நம்மூரில் இந்த வரிசை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். யாரும் "என் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, பிரேக்கைப் பார்க்கணும்" என்று ஆரம்பிப்பதில்லை. ஆரம்பம் ரிம். பதினேழு இஞ்ச் ரிம் சின்னதாகத் தெரிகிறது, பத்தொன்பது போடுகிறோம். போட்டதும் அந்தப் பெரிய ஓட்டைகளின் வழியே கம்பெனி கொடுத்த பிரேக் டிஸ்க் சாப்பாட்டுத் தட்டில் வைத்த அப்பளம் மாதிரித் தெரிகிறது. ஆகவே ஆறு பிஸ்டன் காலிபர். இப்போது சக்கரம் நிறைவாக இருக்கிறது, ஆனால் மேலே மட்கார்டில் இடைவெளி உறுத்துகிறது. ஆகவே லோயரிங் ஸ்பிரிங். மூன்று முடிவும் வண்டிக்கு வெளியே நின்று, பக்கவாட்டில் பார்த்து எடுத்தவை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. என் கணக்கு: ரிம் செட்டுக்கு 1,20,000 ரூபாய், பிரேக்குக்கு 2,60,000, ஸ்பிரிங்குக்கு 38,000. கடைசியில் கை வறண்டு, டயர் மட்டும் ஒன்று 7,500 ரூபாய்க்கு, பெயர் வாயில் நுழையாத ஒரு கம்பெனி. சாலையைத் தொடும் ஒரே பொருளில்தான் மிச்சம் பிடித்தேன்.

இரண்டாவது மாதம், ஒரு பிப்ரவரி காலை. ஐந்தே முக்கால் இருக்கும். உப்பு லாரிகளிலிருந்து சிந்தும் கச்சா உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். ஊர் முழுக்கக் காய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் தார் மட்டும் ஈரமாக மினுங்கும். நான் 120-ல் வந்தேன். உப்பளத்து வரப்புப் பாதையிலிருந்து ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி சாலைக்கு ஏறியது. ஓட்டியவர் ஒருவர், பின்னால் ஒரு அம்மா, மடியில் தூக்குச்சட்டி. பிரேக்கை மிதித்தேன். ஆறு பிஸ்டனும் தம் வேலையைச் செய்தன, மிதித்த கணத்திலேயே ஏபிஎஸ் தடதடவென்று காலை உதைத்தது. அதற்குப் பொருள், பிரேக் கேட்ட பிடிப்பை டயரால் கொடுக்க முடியவில்லை என்பது. அங்கேயே சாலையில் ஒரு ஒட்டுப்போட்ட மேடு. தாழ்த்திய ஸ்பிரிங் அடிமட்டத்தில் போய் பம்ப் ஸ்டாப்பில் இடித்தது, முன்பக்கம் துள்ளியது, துள்ளிய அந்த நொடியில் டயர் காற்றில் இருந்தது. கார் நின்றது. வண்டி ஏறிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. அவர்கள் பிழைத்தது அந்த மனுஷன் கைப்பிடியைத் திருப்பி மறுபடி வரப்பிலேயே இறங்கிவிட்டதால். என்னால் அல்ல, என் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தால் அல்ல.

"யோவ், எங்கய்யா போற இவ்ளோ அவசரமா?" என்று கேட்டார். பாண்டிச்சேரிக்கு தோசை சாப்பிட, என்பதுதான் உண்மையான பதில். சொல்லவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். நல்ல டயர், காய்ந்த சாலை, மனிதன் சுதாரிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் 47 மீட்டரில் நிற்கலாம். 100-ல் 67 மீட்டர். 140-ல் 116 மீட்டர். இதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்த எண் வேறு: 100-ல் வந்த கார் முழுசாக நின்றுவிட்ட அதே புள்ளியை, 140-ல் வந்த கார் இன்னும் 111 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது. இரண்டிலும் ஒரே பிரேக், ஒரே டயர், ஒரே ஓட்டுநர். டயரின் பிடிப்பு கால் பங்கு குறைந்தால், 120-லிருந்து பிரேக் பிடித்து நிற்க ஆகும் 57 மீட்டர் 76 ஆகிறது. அந்தப் பத்தொன்பது மீட்டரை எந்தக் காலிபரும் திருப்பித் தராது.

பெரிய பிரேக் எதற்கு என்று நம் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. அது சூட்டுக்கு. 1,400 கிலோ கார் 100-ல் ஓடும்போது அதில் சுமார் 540 கிலோஜூல் ஆற்றல், 140-ல் கிட்டத்தட்ட இருமடங்கு. ரேஸ் டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து முறை இந்த ஆற்றலை வெப்பமாக்கித் தள்ள வேண்டும், சின்ன டிஸ்க் அதில் வெந்துபோகும். பெரிய டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும், சீக்கிரம் ஆறும். ஆனால் ஒரே ஒரு முறை, உயிர் போகிற அவசரத்தில் மிதிக்கும்போது, கம்பெனி பிரேக்கே ஏபிஎஸ்ஸை இயக்கும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அதற்கு மேல் எது போட்டாலும் தூரம் குறையாது. முன்சக்கரத்தில் மட்டும் பெரிய செட் போட்டால் முன்-பின் சமநிலை முன்பக்கம் சாய்ந்து, பின் டயர் சும்மா உருண்டுகொண்டு வரும். அப்போது தூரம் கூடவும் கூடும். இதெல்லாம் ரகசியம் இல்லை. பாடியில் 1960களிலிருந்து பிரேக் செய்கிறார்கள், அம்பத்தூரில் லைனிங் செய்கிறார்கள், பாடியிலேயே சக்கரமும் செய்கிறார்கள். பிரேக் எப்படி நிறுத்துகிறது என்று தெரிந்த பொறியாளர்கள் இந்த நகரத்தில் இருக்கிற அளவுக்கு நாட்டில் வேறு எங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம். அவர்களிடமிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில் நாம் காலிபருக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரேக்கில் செய்ய வேண்டிய காரியம் கண்ணுக்குத் தெரியாதது. பிரேக் ஆயில் மாற்றுவது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேர்ந்த பிறகு அதே தர அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் தரை வரை போகும். கடற்கரை நகரத்தில் வருடம் பூராவும் ஈரக் காற்றில் நிற்கும் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். என் நண்பர்கள் வட்டத்தில் கேட்டேன். ஏழு பேரில் ஆறு பேர் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் ரிம் மாற்றியிருந்தார்கள்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் நம் அறியாமைக்கு ஒரு தனி அழகு உண்டு. வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் சாயாது என்று நம்புகிறோம். பெரும்பாலான கார்களின் முன்பக்கம் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அதில் உடலைத் தாழ்த்தும்போது எடையின் மையம் கொஞ்சம் இறங்கும், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட வேகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடும், அதாவது சாய வைக்கும் நெம்புகோல் நீளும். அதை மறைக்க ஸ்பிரிங்கை இறுக்க வேண்டியிருக்கிறது. இறுக்கிய ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கால் அடக்க முடிவதில்லை. விளைவு, ஈசிஆர் ஒட்டுகளில் கார் தவளை மாதிரிப் போகும். நாம் அதை "ஸ்போர்ட்டி ஃபீல்" என்கிறோம். லோட்டஸ் கம்பெனியின் பெயர் போன சின்னக் கார்கள் மெத்தென்ற ஸ்பிரிங்கும் நன்றாக அடக்கும் ஷாக்கும் வைத்து, எடையைக் குறைத்து, வளைவுகளில் எல்லாரையும் தோற்கடித்தன. டயரைத் தரையோடு வைத்திருப்பதுதான் சஸ்பென்ஷனின் வேலை. காரின் வயிற்றைத் தரையோடு வைத்திருப்பது அல்ல.

இங்கே இலக்கிய நண்பர் ஒருவர் இடைமறிப்பார் என்று தெரியும். "இதெல்லாம் பணக்காரப் பையன்களின் பொம்மை. உப்பளத் தொழிலாளியின் பாதம் வெடித்திருப்பதைப் பற்றி எழுதாமல் ரிம்மைப் பற்றி எழுதுகிறாயே?" நியாயமான கேள்வி மாதிரித் தோன்றும். ஆனால் அந்தப் பாதம் கடக்கிற சாலையில்தான் இந்த ரிம் உருள்கிறது. பொம்மை என்று ஒதுக்கிவிட்டால் அது பாட்டுக்கு 140-ல் போய்க்கொண்டிருக்கும். தவிரவும், வண்டிச் சக்கரத்தைப் பற்றிப் பேசுவது தமிழுக்குத் தாழ்வு என்று யார் சொன்னது? சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. உப்பு வண்டி ஓட்டிய உமணர்களைப் பற்றிச் சங்கப் பாடல்களில் எவ்வளவோ இருக்கிறது. புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாராட்டும்போது, பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று உமணர் அடியில் கட்டி எடுத்துச் செல்லும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். பாரம் தெரியும், பாதை தெரியும், அதற்கேற்ற உதிரி பாகத்தை, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் கட்டியிருக்கிறார்கள். நாம் இரண்டாயிரம் வருடம் கழித்து அதே வழியில், பாரமும் தெரியாமல் பாதையும் தெரியாமல், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் மாட்டிக்கொண்டு போகிறோம்.

இன்னொரு எதிர்த்தரப்பு உண்டு: "என் காசு, என் கார்." இதற்கு சட்டத்திடம் பதில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுவும் அரைகுறைப் பதில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சரி. ஆனால் எது நல்ல மாற்றம், எது கெட்ட மாற்றம் என்று சோதித்துச் சொல்ல சாமானியனுக்கு ஒரு வாசல் வேண்டாமா? ஜெர்மனியில் வெளிச்சந்தை ரிம்மில் அரசு வாகன அலுவலகத்தின் எண் அச்சாகியிருக்கும், இல்லையென்றால் சோதனை அறிக்கையோடு காரை டியூஃப் மாதிரியான சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் ஆவணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் கழற்ற வேண்டும். அங்கே ரசனைக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் ஒரு பொறியாளர் நிற்கிறார். இங்கே சாலையோரம் நிறுத்தும் போலீஸ்காரர் நிற்கிறார். அவர் சைலன்சர் சத்தத்தைக் கேட்பார், கண்ணாடி ஃபிலிமைப் பார்ப்பார். ரிம்மின் உள்பக்கத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்று எண் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க மாட்டார். தரமான ஷாக் போட்டவனும் விரிசல் விடும் போலி ரிம் போட்டவனும் சட்டத்தின் முன் ஒரே குற்றவாளி. அதனால் இரண்டு பேருமே பில் இல்லாமல் வாங்குகிறார்கள், பில் இல்லாத சந்தையில் போலி ஜெயிக்கிறது.

அந்த ரிம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது கேட்க வேண்டியவை நிறம், டிசைன் அல்ல. போல்ட் வட்டத்தின் அளவு பொருந்துகிறதா, நடுத்துளை ஹப்பில் சரியாக உட்காருகிறதா, இல்லை வளையம் போட வேண்டுமா, ஆஃப்செட் என்ன, ஒரு சக்கரத்துக்கு எத்தனை கிலோ பாரம் என்று எழுதியிருக்கிறார்கள், ஜப்பான் தரமான ஜேடபிள்யூஎல் முத்திரையோ நம் இந்தியத் தர முத்திரையோ இருக்கிறதா, வார்த்ததா, அடித்து வடித்ததா, எடை எவ்வளவு. ஆஃப்செட் தப்பானால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு அழகாகத்தான் இருக்கும். பேரிங்கில் ஏறும் பாரம் மாறும், ஒரு பக்க டயர் தண்ணீரில் ஏறினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். 225/45 ஆர் 17 டயரில் பக்கச்சுவர் 101 மில்லிமீட்டர். 225/35 ஆர் 19-ல் அது 79 மில்லிமீட்டர். இழந்த அந்த 22 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த காவல். நான் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "ஃப்ளஷ்ஷா வருமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டேன். கடைக்காரர் "சூப்பரா வரும் சார்" என்றார்.

டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரர் போன பிறகு கை நடுங்க அந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். உப்பு ஏற்ற வந்த லாரியின் ஓட்டுநர் என் காரைச் சுற்றி வந்து பார்த்தார். விலை கேட்கவில்லை, அது எனக்கு ஆச்சரியம். குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். "தம்பி, இங்க அடிக்கடி வருவீங்களா? ஊருக்குப் போனதும் அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவிடுங்க. உப்பு உள்ள போயிடுச்சுன்னா வெளிய தெரியாம தின்னும்" என்றார். பிறகு தன் லாரியின் கமான் பட்டையைக் காட்டினார். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே துரு பூத்து, பட்டைகள் விலகிப் பிளந்து நின்றன. வருஷா வருஷம் ஒரு பட்டை மாற்றுவாராம். "டயர்ல காசு போடணும் தம்பி. அப்புறம் பிரேக்கு. மத்ததெல்லாம் வண்டிக்குப் பூ வைக்கிறது." அவர் லாரியிலும் பூ இருந்தது, முன்கண்ணாடியில், மல்லிகை.

அந்த ஊரில் வேலை விடிவதற்கு முன் தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியில் கண் கூசும். கோடை முழுக்க வேலை, ஐப்பசி மழை வந்தால் நின்றுபோகும். அதாவது சாலை காலியாக இருக்கும் என்று நாம் கிளம்பும் அதே நேரத்தில்தான் அவர்கள் சைக்கிளிலும் மொபட்டிலும் நடந்தும் அதைக் கடக்கிறார்கள். காலியான சாலை என்பது சென்னையிலிருந்து பார்க்கிறவனின் கற்பனை. இருட்டு பிரியாததால் ஆள் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேகம் வேண்டும் என்கிறவனை நான் திட்டவில்லை. எனக்கும் வேண்டும். அதற்கு இடம் இருக்கிறது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் 1950களிலேயே கார் பந்தயம் நடத்திய ஊர் நம்முடையது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது. கோயம்புத்தூரில் இன்னொன்று. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். அங்கே ஒரு நாள் போனால் தெரியும், பத்து சுற்றில் டயர் முதலில் கெஞ்சும், பிறகு பிரேக் ஆயில், பிறகு பேட், பிறகு ஷாக். ரிம்மின் டிசைன் கடைசிவரை ஒன்றும் கேட்காது. டிராக்குக்கு என்றால் நல்ல டயர், சூடு தாங்கும் பேட், புது ஆயில், காருக்கு ஏற்ற ஷாக், முடிந்தால் கம்பெனி அளவைவிட ஒரு இஞ்ச் சின்ன, லேசான ரிம் என்பது என் வரிசை. சின்ன ரிம்முக்கு டயர் விலையும் குறைவு. ஆனால் பெரிய காலிபர் அதற்குள் நுழையாது, ஆகவே யாரும் செய்ய மாட்டார்கள்.

ஈசிஆருக்கு? நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் ஈசிஆருக்காக மாற்ற வேண்டியது ஒன்றுமே இல்லை. கம்பெனி ரிம், கம்பெனி ஸ்பிரிங், தேயாத நல்ல டயர், புது ஆயில். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்கு ஒருவர் சொன்னால், அவர் எதையோ விற்கிறார்.

நான் பழைய பாகங்களைத் திரும்ப மாட்டினேன். கழற்றும்போது முன் இடது ரிம்மின் உள்விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. அந்த ஒட்டுமேட்டில் வந்ததாக இருக்கலாம், அதற்கு முன்பே இருந்திருக்கலாம். திருப்பிப் பார்த்தேன். முத்திரை இல்லை, பார எண் இல்லை. மீதி மூன்றை விற்கச் சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு பையன் போனில் கேட்டான், "அண்ணா, ஃப்ளஷ்ஷா வருமா?" இல்லை தம்பி, விற்கலை என்று வைத்துவிட்டேன். நான்கையும் வேளச்சேரியில் ஒரு காயலான் கடைக்கு எடுத்துப் போனேன். தராசில் ஏற்றினார். மொத்தம் 51.2 கிலோ. ஒன்று 12.8. எதற்கும் இருக்கட்டும் என்று காரின் டிக்கியிலிருந்து, டயர் மாற்றுவதற்காகக் கழற்றி வைத்திருந்த கம்பெனி ரிம் ஒன்றைக் கொடுத்து அதையும் ஏற்றச் சொன்னேன்.

"இது 10.1 சார்" என்றார். "இதையும் போடறீங்களா?"